இருபது ஆண்டுக்கு ஒரு விருந்து: பிரஸ்டன் நகரமும் அதன் பெயர்ப் பட்டியலும்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் பக்கம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. எப்போதோ ஒரு தடவை நடக்கும் காரியத்தை 'பிரஸ்டன் கில்டுக்குப் பிரஸ்டன் கில்டு' நடப்பது என்பார்கள். கடன் திருப்பித் தருகிறவனைப் பற்றியும் சொல்லலாம், எட்டிப் பார்க்காத சொந்தக்காரரைப் பற்றியும் சொல்லலாம். அந்தக் கில்டு இருபது ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அந்த ஒரு வாரத்தில் ஊர்வலம், வழிபாடு, நீதிமன்றம் போன்ற ஒரு சபை, மேயரின் பெருவிருந்து, அதற்குப் பின் நடன இரவு என்று ஊர் முழுக்கத் திருவிழாவாகிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மேயர் விருந்தும் நடனமும் வெறும் ஆடம்பரமாகத் தோன்றலாம். தங்கச் சங்கிலி, சிவப்பு அங்கி, வெள்ளிப் பாத்திரங்கள், வாத்தியக் குழு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிரஸ்டனின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த விருந்துக் கூடத்தின் வாசலில் நடப்பதுதான் என் கண்ணில் பட்டது. யாருடைய பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது, யார் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதில் அந்த ஊரின் எண்ணூறு ஆண்டுக் கதையும் இருக்கிறது.

முதலில் கில்டு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். இடைக்கால இங்கிலாந்தில் ஓர் ஊருக்குள் கடை போடவும் தொழில் செய்யவும் எல்லோருக்கும் உரிமை கிடையாது. அரசர் சாசனம் கொடுத்த ஊர்களில் வணிகர்களும் கைவினைஞர்களும் சேர்ந்த ஒரு சங்கம் இருக்கும். அதுதான் கில்டு. அதில் உறுப்பினராக இருப்பவர் 'பர்ஜெஸ்', அதாவது நகர உரிமை பெற்றவர். பிரஸ்டனுக்கு 1179-இல் இரண்டாம் ஹென்றி அரசர் அப்படியொரு சாசனம் கொடுத்தார். பட்டியலில் பெயர் இல்லாதவர் சந்தை நாளில் வரி கட்டி விற்கலாம். மற்ற நாட்களில் ஊருக்குள் வியாபாரம் செய்ய முடியாது.

அப்படியானால் யார் உண்மையான உறுப்பினர், யார் பொய்யாக உரிமை கொண்டாடுகிறார் என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கூடியதுதான் கில்டு சபை. குறிப்புகளில் நமக்குக் கிடைக்கும் முதல் கில்டு 1328-இல் நடந்தது. 1397-இல் தொடங்கி உறுப்பினர் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆரம்பத்தில் இடைவெளி சீராக இல்லை. 1542 முதல்தான் இருபது ஆண்டுக் கணக்கு ஒழுங்காக வருகிறது. ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகும் காலம் அது. அப்பா பெயருக்குக் கீழே மகன் பெயர் ஏறும். திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்பட்டதை நினைவுகூரும் ஆகஸ்ட் 29-ஆம் தேதிக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை சபை கூட வேண்டும் என்பது விதி. இன்றைக்கும் அந்தத் திங்கட்கிழமைதான்.

ஊரே கூடிவிட்டால் சாப்பாடு வேண்டும். தொலைவிலிருந்தும் உரிமையைப் புதுப்பிக்க வந்தவர்கள், அவர்கள் குடும்பத்தினர், பக்கத்து நிலப்பிரபுக்கள் எல்லோரும் வந்து தங்குவார்கள். அவர்களை உபசரிப்பது மேயரின் பொறுப்பு. 1682 கில்டைப் பற்றி ரிச்சர்ட் கூர்டன் என்பவர் எழுதிவைத்த விவரமான குறிப்பு இருக்கிறது. தொழில்வாரியாகச் சங்கங்கள் ஊர்வலம் போனதை அதில் படிக்கலாம். சபையில் பெயரைப் புதுப்பித்தவரும் மேயர் வீட்டில் உண்டவரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அதாவது, அந்தக் காலத்து விருந்து சட்டத்துக்குப் பின்னால் வந்த ஒரு உபசாரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இது மெல்ல மாறியது. அப்போது பிரஸ்டன் வக்கீல்களும் நிலக்கிழார்களும் நிறைந்த ஊர். லங்காஷயரின் சட்ட அலுவல்கள் பல அங்கேதான் நடந்தன. டர்பி பிரபுவின் குடும்பத்துக்கு ஊர் நடுவில் மாளிகை இருந்தது. 'பெருமைமிக்க பிரஸ்டன்' என்று ஊருக்கு ஒரு அடைமொழியே உண்டு. கில்டு என்றால் மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கும் காலமாகிவிட்டது. மாலை நேரங்களில் நடனம். 1762 கில்டின் நடனங்களுக்கு வந்த பிரபுக்கள், சீமாட்டிகள் பெயர்களைப் பட்டியலாக அச்சடித்தே வெளியிட்டார்கள். இந்த அச்சுப் பட்டியலைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். அதுவரை ஊரின் பட்டியல் என்றால் தோல் சுருளில் எழுதிய உறுப்பினர் பட்டியல்தான். இப்போது இரண்டாவதாக ஒரு பட்டியல் வந்துவிட்டது. அதில் இடம்பெற அப்பா தையற்காரராகவோ தோல் பதனிடுபவராகவோ ஊரில் தொழில் செய்திருக்க வேண்டியதில்லை. நல்ல உடையும் நல்ல குடும்பமும் போதும்.

பெண்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வியாபார உரிமை நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்குத்தான் போனது. மகள்களுக்கும் அந்த வழி திறந்தது மிகவும் பிந்தித்தான். ஆனால் விருந்திலும் நடனத்திலும் மேயரின் மனைவிக்குத் தனி இடம் இருந்தது. அவர் தன் பெயரில் நடனம் நடத்துவார். சீமாட்டிகள் அவர் தலைமையில் ஊர்வலமாகத் தேவாலயத்துக்குப் போவார்கள். சபையில் இல்லாத இடம் நடனக் கூடத்தில் கிடைத்தது, அதுவும் உயர்குடிப் பெண்களுக்கு மட்டும்.

இதற்கிடையில் ஊரையே புரட்டிப்போட்டது பருத்தி. 1768-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தன் நூற்பு இயந்திரத்தைச் செய்துபார்த்தது பிரஸ்டனில் ஒரு வீட்டில்தான். 1791-இல் ஜான் ஹாரக்ஸ் வந்து ஆலை வைத்தார். 1801-இல் சுமார் 12,000 பேர் இருந்த ஊரில் 1851-இல் சுமார் 69,000 பேர். 1802 கில்டு ஊர்வலத்தில் ஆலைப் பெண்கள் செயற்கைப் பருத்திக் கிளைகளைக் கையில் பிடித்து நடந்து வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள், நடனக் கூடத்துக்கு அல்ல.

பிரஸ்டனுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னால், இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களில் சொத்து உள்ளவருக்கோ நகர உரிமை பெற்றவருக்கோதான் ஓட்டு. பிரஸ்டனில் மட்டும் ஊரில் குடியிருக்கும் ஆண்கள் அநேகமாக எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்று 1768-இல் நாடாளுமன்றமே உறுதி செய்திருந்தது. அதனால்தான் 1830-இல் நெசவாளிகள் டர்பி குடும்பத்து வேட்பாளரைத் தோற்கடித்து ஹென்றி ஹன்ட் என்ற தீவிரச் சீர்திருத்தப் பேச்சாளரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது. இரண்டே ஆண்டில் வந்த புதிய சட்டம் சொத்துத் தகுதியைக் கொண்டுவந்து, புதிதாக ஓட்டுரிமை தேடிய தொழிலாளிகளுக்கு அந்தக் கதவைச் சாத்தியது.

1835-இல் நகராட்சிச் சட்டம் வந்தது. ஊருக்குள் இன்னார்தான் வியாபாரம் செய்யலாம் என்ற பழைய தனியுரிமைகள் எல்லாம் செல்லாமல் போயின. கில்டு எதற்காகத் தோன்றியதோ அந்தக் காரணமே இல்லை. மற்ற ஊர்களில் கில்டுகள் இப்படித்தான் காணாமல் போயின. அடுத்த கில்டு 1842-இல் வர வேண்டும். நடத்துவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. நடத்துவது என்றே நகரமன்றம் முடிவு செய்தது. அந்த முடிவோடு கில்டின் இயல்பு தலைகீழாகிவிட்டது. முன்பு பட்டியலுக்காகக் கூடினார்கள், கூடியதால் விருந்து வைத்தார்கள். இனிமேல் ஊர்வலமும் விருந்தும் நடனமும்தான் கில்டு. பட்டியல் வாசிப்பது அதில் ஒரு சடங்கு.

அந்த 1842 கில்டுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அது பஞ்ச காலம். கூலிக் குறைப்பை எதிர்த்து வடக்கு முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. ஆலைக் கொதிகலன்களின் அடைப்பைப் பிடுங்கி நீராவியை வெளியேற்றி, இயந்திரங்களை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, பிரஸ்டனில் லூன் தெருவில், தானியச் சந்தைக் கட்டடத்துக்கு முன்னால் கூட்டம் திரண்டது. மேயர் சாமுவேல் ஹாரக்ஸ், கூட்டம் கலைய வேண்டும் என்று எச்சரிக்கும் கலகத் தடைச் சட்டத்தை வாசித்தார். 72-ஆவது ஹைலேண்டர் படைப்பிரிவு சுட்டது. நான்கு தொழிலாளிகள் இறந்தார்கள்: ஜான் மெர்சர், வில்லியம் லங்காஸ்டர், ஜார்ஜ் சோவர்பட்ஸ், பெர்னார்ட் மெக்நமாரா.

மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 5, திங்கட்கிழமை, கில்டு தொடங்கியது. கில்டு மேயர் அதே சாமுவேல் ஹாரக்ஸ். ஊர்வலம் உண்டு, விருந்து உண்டு, நடனம் உண்டு. ஒரே ஊரில், ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டும் நடந்தன. கில்டைப் பற்றி உற்சாகமாக எழுதப்படும் கட்டுரைகளில் இந்த நான்கு பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. என்னைக் கேட்டால், கில்டு சபையில் வாசிக்கப்படும் பெயர்களோடு இவற்றையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது. துப்பாக்கி நீட்டி நிற்கும் சிப்பாய்கள், எதிரே விழுகிறவர்கள். தானியச் சந்தைக் கட்டடம் பின்னால் விரிவாக்கப்பட்டு 'பொது மண்டபம்' ஆனது. கச்சேரி, கூட்டம், நடனம் என்று பல தலைமுறைகள் அங்கே கூடின. 1962-இல் பீட்டில்ஸ் குழுவும் பாடியது. மண்டபத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். முகப்பு மட்டும் சிற்பத்துக்குப் பின்னால் நிற்கிறது.

அடுத்த 1862 கில்டும் நல்ல காலத்தில் வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன. நம் நாட்டுக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. அமெரிக்கப் பஞ்சு கிடைக்காததால் இந்தியப் பஞ்சை நாடினார்கள். இங்கே விலை ஏறியது. அங்கே, 'சூரத்' என்று அவர்கள் அழைத்த இந்தியப் பஞ்சின் இழை குட்டையாக இருந்ததால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய நெசவாளிக்கு நாள் முழுக்க உழைத்தும் கை நிறையவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நிவாரணக் கஞ்சியை நம்பி இருந்த அந்தச் செப்டம்பரில் கில்டு நடந்தது. புதிய நகர மண்டபத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். வேலையிழந்த ஆலைத் தொழிலாளிகளுக்கு நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டது பூங்கா அமைக்கும் பணி. ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் ஆவென்ஹாம், மில்லர் பூங்காக்கள் அப்படி உருவானவை. அடிக்கல் நாட்டிய மண்டபம் 1947-இல் தீயில் போய்விட்டது. பூங்காக்கள் இருக்கின்றன. 2012 கில்டின்போது ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து இசை கேட்டது அங்கேதான்.

பிரஸ்டனில் விருந்து மேசைக்கு ஒரு போட்டியும் இருந்தது. 1832 செப்டம்பரில் ஜோசப் லிவ்சியும் அவர் தோழர்களுமாக ஏழு பேர் இனி மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முழு மதுவிலக்கைக் குறிக்கும் 'டீடோட்டல்' என்ற சொல் அடுத்த ஆண்டு இந்த ஊரில்தான் பிறந்தது. இவர்கள் நடத்திய தேநீர் விருந்துகளில் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேயர் விருந்தில் ஒயின் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்வது எவ்வளவு முக்கியமோ, இங்கே தேநீர்க் கோப்பை அவ்வளவு முக்கியம். தங்கள் பெயரை யாராவது மரியாதையோடு அழைத்து மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

சரி, மேயர் விருந்து எப்படி நடக்கும்? இங்கிலாந்தின் இப்படிப்பட்ட ஊர்களில் மேயர் நிர்வாகத் தலைவர் அல்ல. மன்ற உறுப்பினர்களுக்குள் ஒருவரை ஓர் ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டு முழுக்க அவர் ஊரின் முதல் குடிமகன். அதிகாரம் குறைவு, மரியாதை அதிகம். விருந்து அந்த மரியாதையின் உச்சம். அழைப்பிதழிலேயே என்ன உடை என்று இருக்கும். கீழே, 'வண்டிகள்' என்று போட்டு ஒரு நேரம் குறித்திருப்பார்கள். குதிரை வண்டிக் காலத்துச் சொல். அந்த நேரத்துக்கு விருந்து முடியும், கிளம்பிவிடுங்கள் என்று அர்த்தம்.

வாசலில் மேயரும் துணைவியும் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார்கள். சிவப்புக் கோட்டு போட்ட அறிவிப்பாளர் ஒருவர் வருகிறவரின் பெயரைக் காதில் கேட்டுக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். நகரத்தின் செங்கோலைத் தாங்கியவர் முன்னே வர, மேயர் தலைமை மேசைக்குப் போவார். உணவுக்கு முன் இறைவணக்கம். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் எழுந்து அரசருக்கு வாழ்த்துச் சொல்லிக் கோப்பை உயர்த்துவார்கள். அது முடியும்வரை யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அப்புறம் நகரத்துக்கு ஒரு வாழ்த்து, விருந்தினருக்கு ஒரு வாழ்த்து, அவர்கள் சார்பில் ஒரு பதில் பேச்சு. மேசைகளை ஒதுக்கிவிட்டு, வாத்தியக் குழு தொடங்கும். முதல் நடனம் மேயர் தம்பதிக்கு. அவர்கள் ஒரு சுற்று வந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். இப்போதெல்லாம் பல ஊர்களில் மேயரின் நடன இரவுக்குச் சீட்டு விற்று, வரும் பணத்தை அந்த ஆண்டு மேயர் தேர்ந்தெடுத்த அறக்காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாசலில் அந்த அறிவிப்பாளர் பெயர் சொல்வதையும், கில்டு சபையில் எழுத்தர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஊர் தன் ஆட்களை வாய்விட்டு எண்ணுகிறது. அதனால்தான் வியாபார உரிமை போன பிறகும் பிரஸ்டன் இதை விடவில்லை என்று நினைக்கிறேன். ஆலை முதலாளிகளுக்குப் பழைய நிலக்கிழார்களோடு ஒரே கூடத்தில் பெயர் சொல்லப்பட வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர்களுக்கும், தொழிற்சங்கத்தாருக்கும், அவரவர் முறை வந்தபோது அதே தேவை இருந்தது.

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1902, 1922 கில்டுகள் கோலாகலமாக நடந்தன. 1942-இல் போர். நானூறு ஆண்டில் முதல் முறையாகத் தொடர் அறுந்தது. அதைப் பத்தாண்டு தள்ளி 1952-இல் நடத்தினார்கள். கணக்கு அதிலிருந்து புதிதாகத் தொடங்கியது: 1972, 1992, 2012. 1972-க்கென்று கட்டத் தொடங்கிய புதிய கில்டு மண்டபம் நேரத்துக்கு முடியாமல், 1973-இல் திறந்தார்கள்.

அதற்குள் ஊர் ஆட்களும் மாறியிருந்தார்கள். ஆலைகளிலும் ரெட் ஸ்கார் செயற்கைப் பட்டு ஆலையிலும் வேலைக்கு இந்தியா, பாகிஸ்தான், கரீபியன் தீவுகளிலிருந்து குடும்பங்கள் வந்தன. 1965-இல் அந்த ரெட் ஸ்கார் ஆலையில் புலம்பெயர்ந்த தொழிலாளிகள் வேலைப்பளுவை எதிர்த்து நிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனில் அவர்கள் தாமாக முன்னின்று நடத்திய ஆரம்பகாலப் போராட்டங்களில் அதுவும் ஒன்று. இன்று பிரஸ்டனில் பெரிய குஜராத்திச் சமூகம் இருக்கிறது, அவர்களுக்குக் கோயிலும் மசூதிகளும் இருக்கின்றன. கரீபியன் கொண்டாட்ட ஊர்வலம் 1970-களிலிருந்து நடக்கிறது. கில்டு ஊர்வலங்களில் இவர்கள் எல்லோரும் நடக்கிறார்கள்.

ஆனால் உறுப்பினர் பட்டியல் இன்னும் பெரும்பாலும் பரம்பரை வழிதான் போகிறது. 2012 செப்டம்பர் 3-ஆம் தேதி கில்டு மேயர் கார்ல் குரூக் முன்னிலையில் சபை கூடியபோது, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும்கூடச் சிலர் தங்கள் முப்பாட்டன் பெயருக்குக் கீழே தங்கள் பெயரைப் புதுப்பிக்க வந்தார்கள். பிரஸ்டனில் பிறக்காதவர், அங்கே வாழாதவர், இருந்தும் பட்டியலில் உண்டு. ரெட் ஸ்கார் ஆலையில் உழைத்த தாத்தாவின் பேத்தி, அங்கேயே பிறந்தும் பட்டியலில் இல்லை. இது யாரையும் குறை சொல்லும் விஷயமில்லை. பழைய விதி அப்படி. ஆனால் தெருவில் எல்லோரும் சேர்ந்து நடக்கும் ஊர்வலத்துக்கும், உள்ளே வாசிக்கப்படும் பெயர்களுக்கும் நடுவில் ஒரு தூரம் இருப்பது தெரிகிறது. அதைக் குறைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகள்களுக்கு விதி மாறியது போல் இதற்கும் மாறலாம்.

அடுத்த கில்டு 2032-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ஆகவே பழைய விதிப்படி மறுநாளே, ஆகஸ்ட் 30 திங்கட்கிழமை, பெயர் வாசிக்கத் தொடங்க வேண்டும்.